நாற்பதாவது வண்டி

சூளையிலிருந்து வெளியே வரும் சாமானை ஆதிலட்சுமி காதால்தான் பார்ப்பாள். கைக்கொரு பீங்கான் ஃபியூஸ் கட்டையாக எடுத்து ஒன்றை ஒன்றால் லேசாகத் தட்டுவாள். கணீரென்றால் சாக்குக்குப் போகும். டொக்கென்றால் முதுகுக்குப் பின்னால் கிடக்கும் குவியலுக்குப் போகும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பு காதுக்குத் தெரிந்துவிடும். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பழமலை நடத்திய கம்பெனியில் பதினாறு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. வீட்டில் தட்டு கழுவினாலும் தட்டிப் பார்த்துத்தான் கவிழ்ப்பாள். சந்தையில் பூசணிக்காய்க்காரனும் தேங்காய்க்காரனும் அவள் தலையைக் கண்டாலே நல்ல காயாகப் பொறுக்கி முன்னால் வைத்துவிடுவார்கள்.

"கட்டிக்கிட்டு வந்த அன்னைக்கி எம் முதுவத் தட்டிப் பாத்துட்டுத்தான் பாயில உக்காந்தா" என்பார் அவள் புருஷன் ஆனந்தராஜ்.

"அன்னைக்கி கணீர்னுதான் இருந்திச்சி" என்று அவளும் விடமாட்டாள்.

போன பொங்கலுக்குப் பிறகு இருவருமே அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆனந்தராஜும் அதே கம்பெனிதான். வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கும் மில்லில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். வேலை முடிந்து வந்தால் புருவம், மீசை, காது மடல் எல்லாம் அரிசி மாவில் விழுந்தெழுந்த மாதிரி இருக்கும். மார்கழியில் பிடித்த இருமல் தையிலும் போகவில்லை, மாசியிலும் போகவில்லை. பாண்டிச்சேரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"உள்ள போனது போனதுதான், அத எடுக்க முடியாது. இனிமே தூசியில நிக்காம இருந்தா இதோட நிக்கும். நின்னா நிக்காது."

அந்த ஒரு வாக்கியத்தைப் பஸ்ஸில் வரும்போது ஆதிலட்சுமி எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள் என்று கணக்கில்லை.

மில்லை விட்டால் அவருக்குத் தெரிந்த இன்னொரு வேலை வண்டி ஓட்டுவது. கம்பெனி லோடு வண்டியைக் கடலூருக்கும் பாண்டிக்கும் ஓட்டியிருக்கிறார். மங்கலம்பேட்டை ரசூல் பாய் துபாயிலிருந்து வந்து இறங்கும்போதெல்லாம் வாடகை வண்டியை எடுத்துக்கொண்டு மீனம்பாக்கம் போய் அழைத்து வந்தவரும் அவர்தான். சொந்தமாக ஒரு வேன் இருந்தால் மங்கலம்பேட்டையிலிருந்து ஏர்போர்ட்டுக்குப் போகிற ஆளுக்கும், ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போகிற குடும்பத்துக்கும் ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். சேத்தியாத்தோப்புப் பக்கம் அம்மா வழியில் ஆதிலட்சுமிக்கு வந்த அரைக்காணி நிலத்தை விற்றார்கள். அந்தப் பணத்தோடு லோன்காரன் தருவதைச் சேர்த்துப் பார்த்தாலும் இருபதாயிரம் துண்டு விழுந்தது. அதோடு பேச்சு நின்றுபோனது. கையிருப்பைக் கரைக்கக் கூடாது என்று ஆனந்தராஜ் மறுபடியும் மில்லுக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அசீம் வந்தான். ரசூல் பாயின் மகன், கடலூர் ரோட்டில் புதிதாக வந்த கார் ஷோரூமில் சேல்ஸ் வேலை. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், பங்குனி வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தான்.

"அண்ணே, இருபதாயிரம்தான இடிக்குது? அத விடுங்க. நான் கொறச்சித் தரன்."

"இருபதாயிரமா? ஒனக்கு என்னாடா தம்பி, வெயிலு கியிலு தலைக்கி ஏறிடுச்சா?"

அசீம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். "இது வண்டி செய்யிற கம்பெனி எங்களுக்குப் போட்ட பில்லு. இதையெல்லாம் யாருக்கும் காட்டக்கூடாது. நீங்கங்குறதால காட்டுறன். உங்களுக்கு இருபதாயிரம் கொறச்சா, இந்த வெலைக்கும் கீழ எட்டாயிரம் போவுது. அப்பிடியே தரோம். ஆனா முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள பில்லு போட்டாவணும். ஏப்ரல் ஒண்ணாந் தேதி வந்தீங்கன்னா நானே ஒண்ணும் பண்ண முடியாது."

ஆனந்தராஜ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. ஆதிலட்சுமி மட்டும் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு பையனையே பார்த்தாள்.

"வாங்குன வெலைக்கும் கீழ விப்பாங்களா?"

"மேனேஜரு சொல்லிட்டாருக்கா."

"மேனேஜரு சொன்னாருன்னா அவரு சொத்த வித்தா குடுக்குறாரு?"

"அக்கா, நல்லது சொன்னா வாங்கிக்குங்க, அத ஏன் நோண்டுறீங்க?" என்று சிரித்துக்கொண்டே எழுந்தான் அசீம். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் கம்பெனியில் சோற்றுவேளையில் இதைச் சொன்னதும், பொம்மைக்குக் கண் எழுதுகிற கமலம் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ஏண்டி ஆதி, நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா? போட்ட காசுக்கும் கீழ ஒருத்தன் விக்கிறான்னா, அந்தச் சாமான்ல சீக்கு இருக்குதுன்னு அர்த்தம். ஐப்பசி மழையில கடலூரு பூரா தண்ணியில நின்னிச்சே, மறந்துட்டியா? எம்மாங் காரு முழுவிக் கெடந்திச்சி! அதயெல்லாம் என்னா பண்ணியிருப்பான்? கழுவித் தொடச்சி பெயிண்ட அடிச்சி ஒன்ன மாதிரி ஆளு தலையில கட்டுவான்."

"ரசூல் பாய் மவன் அப்பிடிச் செய்யுமா?"

"அது என்னா செய்யும்? மேல இருக்குறவன் குடுக்குறத அது விக்கிது. ஒங்க ஊட்டுக்காரரு அந்த வண்டிய எடுத்துக்கிட்டு மெட்ராஸு ரோட்டுல நடுவுல நின்னாருன்னா தெரியும்."

ஆதிலட்சுமிக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. வெள்ளரிப்பிஞ்சு ஊறுகாயைக் கமலத்தின் டப்பாவிலேயே தள்ளிவிட்டாள். அரைக்காணி போய்விட்டது. அது வண்டியாக வந்து, அந்த வண்டியும் படுத்துவிட்டால், அவர் மில்லுக்குத்தான் போகவேண்டும். கடனை வைத்துக்கொண்டு போகவேண்டும்.

முப்பதாம் தேதி மத்தியானம் ஷோரூமுக்குப் போனார்கள். வெள்ளை வேன் கண்ணாடிக்குள்ளே பாலில் குளித்த மாதிரி நின்றது. ஆனந்தராஜ் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனார். ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தார், கீர் போட்டுப் பார்த்தார். ஆதிலட்சுமி வண்டியை ஒரு சுற்று சுற்றினாள். பிறகு நடுவிரலை மடக்கித் தட்ட ஆரம்பித்தாள்.

முன் மூடியில் தட்டினாள். டங்கென்றது. கூரையில் எட்டித் தட்டினாள். டங். பின்கதவுக்குப் பக்கத்துத் தகட்டில் தட்டினாள், டங். டிரைவர் பக்கக் கதவில் தட்டினாள்.

டொக்.

மறுபடியும் தட்டினாள். டொக். அந்தப் பக்கம் ஓடிப் போய் இன்னொரு கதவில் தட்டினாள். அதுவும் டொக். குனிந்து அடித்தகட்டில் தட்டினாள். அதுவும் அதே செத்த சத்தம்.

"இது வெடிச்ச சாமானுங்க" என்றாள் புருஷனிடம். சத்தமாகத்தான் சொன்னாள். மேசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னாக்கா இது, தகரத்தப் போயி பானையத் தட்டுற மாதிரி தட்டுறீங்க?" என்றான் அசீம்.

"நீ சும்மா இரு. பதினாறு வருசமா இதான் எனக்குப் பொழப்பு. நல்ல சாமான் ஒரே கொரல்லதான் பேசும். இது மேல ஒரு கொரலு, கீழ ஒரு கொரலு."

"ஏ லட்சுமி, கொஞ்சம் பேசாம வா" என்று ஆனந்தராஜ் பல்லைக் கடித்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க. எங்கம்மா நெலத்து மேல ஆணை."

அதற்குமேல் அங்கே நிற்க அவரால் முடியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், வீடு வரைக்கும் அவளுக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். வீட்டில் கருவாட்டுக் குழம்பை ஊற்றி வைத்ததும் தட்டைத் தள்ளினார்.

"எல்லாத்தையும் தட்டித் தட்டிப் பாத்தா எதுதான் மிஞ்சும்? என்னத் தட்டிப் பாரு. நானும் டொக்குனுதான் இருப்பன். தூக்கிப் பின்னாடி போட்டுடு."

"பேசுற பேச்சா இது?"

"திங்கக்கெழமையிலேர்ந்து மில்லுக்குப் போறன். பழமலகிட்ட சொல்லிட்டன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். ஆதிலட்சுமி முதுகைத் தடவப் போனாள், கையைத் தட்டிவிட்டார்.

விடிந்ததும் அவள் யாரிடமும் சொல்லாமல் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் பஸ் ஏறினாள். விருத்தாசலத்துக்காரர்களுக்குப் போலீஸ் ஸ்டேஷன் வேறு, கோர்ட்டு வேறு, கொளஞ்சியப்பர் வேறு. திருட்டுப் போனாலும், கொடுத்தது திரும்பி வராவிட்டாலும், யாராவது ஏமாற்றினாலும் அந்தச் சாமிக்குத் தாளில் எழுதிப் பிராது கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் கேட்டுவிடுவார் என்பது நம்பிக்கை. ஆதிலட்சுமி முழங்காலில் தாளை வைத்து எழுதினாள்.

'கடலூர் ரோட்டுக் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் மங்கலம்பேட்டை ரசூல் மகன் அசீம், மழைத் தண்ணீரில் முழுகிய வண்டியை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார். என் வீட்டுக்காரர் மூச்சு இந்த வண்டியில் இருக்கிறது. நீ கேட்கவும்.'

பூசை போட்டு, அங்கே நட்டிருந்த வேலில் தாளைக் கட்டிவிட்டு, ஒன்பது மணிக்குள் கம்பெனிக்கு வந்து தன் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினான் அசீம். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அக்கா, என்னாக்கா இப்பிடிப் பண்ணிட்டீங்க? இன்னைக்கிக் கடைசி நாளு. மேனேஜரு என்னப் புடிச்சித் திங்கிறாரு."

ஆதிலட்சுமி தட்டுவதை நிறுத்தவில்லை. கணீர். கணீர். "ஒம் மேனேஜரு கெடக்கட்டும். உம் பேருல கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டியிருக்கன்."

அசீம் அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"எம் பேருலயா?"

"ஒங்க அத்தா பேரையும் போட்டுத்தான் எழுதியிருக்கன். சாமி வேற அசீமத் தேடிப் போயிடக்கூடாதில்ல."

"அக்கா, அக்கா... எங்க அத்தா பாஸ்போர்ட்டு தொலைஞ்சப்ப பக்கத்து ஊட்டு செட்டியாரம்மா அங்கதான் பிராது கட்டிச்சி. எட்டாம் நாளு பாஸ்போர்ட்டு கெடச்சிது. ஊட்ல எம் பொண்டாட்டி பர்வீனு எட்டு மாச வவுத்தோட இருக்காக்கா. நான் என்னா தப்புக்கா பண்ணன்? எம் மேல என்னான்னு எழுதுனீங்க?"

"மழையில முழுவுன வண்டிய விக்கிறன்னு."

அசீம் துள்ளி எழுந்தான். "முழுவுன வண்டியா? அதயா வெடிச்ச சாமான், வெடிச்ச சாமான்னு சொன்னீங்க? இத நேத்தே நேராக் கேக்கக்கூடாதா? வண்டி செஞ்ச மாசத்த முன் மூடிக்கு உள்ளாற தகட்டுலயே அடிச்சிருப்பான். அது பிப்ரவரி மாசத்து வண்டி. மழ பேஞ்சது ஐப்பசி, கார்த்திக. வண்டி பொறந்தது மாசியில. பொறக்காத புள்ள எப்பிடிக்கா தண்ணியில முழுவும்?"

தட்டிக்கொண்டிருந்த கை தாமதித்தது. ஆனாலும் அவள் விடவில்லை. "அப்ப எதுக்கு நட்டத்துக்கு விக்கிற? அதச் சொல்லு. அத மறச்சதாலதான் இவ்வளவும்."

அசீம் சுற்றுமுற்றும் பார்த்தான். கமலம் பொம்மைக்கு எழுதிய கண்ணை அரையில் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"சொன்னா பிராத எடுத்துடுவீங்களா?"

"சொல்லு, பாப்பம்."

"வெளிய சொல்லக்கூடாது. அந்த பில்லு இருக்குதே, அதுல இருக்குறதுதான் எங்க அசலுன்னு நெனைக்காதீங்க. வருசம் முடிஞ்சா நூத்துக்கு இவ்வளவுன்னு கம்பெனிக்காரன் எங்களுக்குத் திருப்பித் தருவான். அது எந்த பில்லுலயும் வராது. அது ஒண்ணு. ரெண்டாவது, இந்த மூணு மாசத்துக்கு எங்களுக்கு நாப்பது வண்டின்னு கணக்கு. நாப்பது வித்தா, நாப்பது வண்டிக்கும் தலைக்கு நாலாயிரம் சேத்துத் தருவான். முப்பத்தொம்போதுல நின்னா ஒத்தப் பைசா கெடையாது. இப்ப முப்பத்தொம்போதுல நிக்கிறோம்."

"நாந்தான் நாப்பதா?"

"நீங்கதாக்கா நாப்பது. உங்களுக்கு எட்டாயிரம் உட்டுக் குடுத்தா, எங்களுக்கு ஒரு லட்சத்து அறுவதாயிரம் வருது."

ஆதிலட்சுமி தலையைத் திருப்பினாள். எதிரே சூளைக்குப் போக டிராலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஃபியூஸ் கட்டை எல்லாம் அடுக்கி, மூலையில் கையகல இடம் மிச்சம். அதில் விரல் உயரப் பிள்ளையார் பொம்மைகளை நிற்க வைத்துக்கொண்டிருந்தான் ஒரு ஆள். ஸ்ரீமுஷ்ணம் கடைக்காரனுக்கு அவற்றைச் செய்கிற கூலிக்கும் கீழேதான் பழமலை கொடுப்பார். ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. மூலை காலியாகக் கிடந்தாலும் சூளைக்கு அதே எண்ணெய்தானே எரியும்.

"மூலைப் புள்ளையாரு" என்றாள் தனக்குள்.

"என்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. இன்னும் என்னா இருக்குது, எல்லாத்தையும் கக்கு."

"லோனு போட்டா பைனான்ஸ்காரன் எங்களுக்குக் கமிசன் தருவான். இன்சூரன்ஸுலயும் உண்டு. அப்புறம் சர்வீஸுக்கு எங்ககிட்டதான வருவீங்க? அப்புறம்..." பின்னந்தலையைச் சொறிந்தான். "கோட்டிங்கு. துருப் புடிக்காம அடியிலயும் கதவுக்குள்ளாறயும் தாரு மாதிரி கெட்டியா ஒண்ணு அடிப்போம். சரக்கு அறுநூறு ரூவா. பில்லுல மூவாயிரத்து ஐநூறு போடுவோம்."

"கதவுக்குள்ளாறயா?"

"கதவுக்குள்ளாற, அடித்தகட்டுல. ஷோரூமுக்கு வந்ததும் கேக்காமலே அடிச்சிடுவோம்."

ஆதிலட்சுமி ஒரு நல்ல ஃபியூஸ் கட்டையை எடுத்தாள். தட்டினாள். கணீர். பக்கத்துத் தொட்டியிலிருந்து ஒரு விரல் ஈரமண்ணை வழித்து அதன் முதுகில் அப்பினாள். மறுபடி தட்டினாள்.

டொக்.

கமலம்தான் முதலில் சிரித்தாள். பிறகு ஆதிலட்சுமிக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்தாள், முகமெல்லாம் மண்ணானது.

"பதினாறு வருசம் தட்டியிருக்கன். பூசுன சாமானத் தட்டுனதில்லியே" என்றாள்.

"கௌம்புங்கக்கா. நாலு மணிக்குள்ள பில்லு போடணும்."

"இரு. அந்தக் கோட்டிங்கு மூவாயிரத்து ஐநூறு நான் தரமாட்டன்."

"அக்கா!"

"கேக்காம அடிச்சது நீங்க. அதனால ஒரு நாளு எங்க வூட்ல சோறு எறங்கல. ஒண்ணர லட்சத்துக்கு மேல வாங்குற எடத்துல இதுக்கு மூக்கால அழுவாத. போன் போடு ஒங்க மேனேஜருக்கு."

அசீம் செல்போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனான். கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். திரும்பி வரும்போது முகம் முழுக்கப் பல்.

"அறுநூறு மட்டும் குடுத்துடச் சொன்னாரு. அந்தம்மாவ நம்ப கடைக்கு வேலைக்குக் கூட்டிக்கிட்டு வாய்யாங்குறாரு."

வீட்டுக்குப் போனபோது ஆனந்தராஜ் மில்லுக்குப் போட்டுப் போகிற பழைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவள் சட்டையைப் பிடுங்கி, கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"எங்க?"

"வண்டி எடுக்க."

"வெடிச்சதுன்ன?"

"எங் காதுதான் வெடிச்சிது. எழுந்திருங்க."

ஷோரூமில் முன் மூடியைத் திறந்து தகட்டைக் காட்டினான் அசீம். ஆனந்தராஜ் எழுத்துக் கூட்டி மாசத்தையும் வருஷத்தையும் இரண்டு தடவை படித்தார். ஆதிலட்சுமி கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றச் சொல்லி, கருப்புப் பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பின்னால் கொட்டகையில் பூசாமல் நின்ற இன்னொரு வேனின் கதவையும் தட்டிப் பார்த்தாள். அது டங்கென்றது. கையெழுத்துப் போட்டார்கள். நாற்பது என்று மேனேஜர் சுவரில் இருந்த பலகையில் எழுதியபோது உள்ளே இருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். தங்களுக்காகத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து ஆனந்தராஜ் கும்பிடு போட்டார்.

புது வண்டி முதலில் கொளஞ்சியப்பர் வாசலுக்குத்தான் போனது. பின் சீட்டில் அசீம். நான் எதற்கு என்றவனை ஆதிலட்சுமி விடவில்லை. "எதிராளி இல்லாம கேஸு எப்பிடி முடியும்?"

பிராது எழுதிக் கொடுக்கிற இடத்தில் இருந்தவர் கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"காலையில கட்டிட்டுப் போனது நீதானம்மா? அதுக்குள்ள பிராத வாபஸ் வாங்கி ராஜினாமாவா?"

"முடிஞ்சிடுச்சிங்க."

"சாமி இம்மாம் வேகமா ஒரு கேஸயும் முடிச்சதில்ல. என்னா காரணம்னு எழுதறது?"

ஆதிலட்சுமி யோசித்தாள். "எதிராளி மேல குத்தம் இல்ல. நாந்தான் தப்பாத் தட்டிட்டன்னு எழுதுங்க."

"எம் பேர நல்லா அழுத்தி அடிக்கச் சொல்லுங்கக்கா" என்றான் வாசல் பக்கம் நின்ற அசீம். "பாதி தெரியிற மாதிரி இருக்கப் போவுது."

திரும்பும்போது ஆனந்தராஜ் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினார். இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல். காற்றில் வைக்கோல் வாசனைதான் இருந்தது, வேறெதுவும் இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் ஒரு தடவைகூட இருமவில்லை என்பதை அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். அசீம் இறங்கிக் கதவைச் சாத்தினான். டொக்.

திங்கட்கிழமை அவர் மில்லுக்குப் போகவில்லை. மங்கலம்பேட்டைக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போனார். அன்றைக்கும், அதற்குப் பிறகு அந்த வண்டி ஓடிய பதினொரு வருஷமும், அவர் அதை வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்திக் கதவைச் சாத்துகிற சத்தம் அடுப்படியில் இருந்த ஆதிலட்சுமிக்குக் கேட்கும். டொக்கென்ற எதையும் தூக்கிப் பின்னால் போட்டே பழகியவள், அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் எழுந்து போய்ச் சோற்றுத் தட்டை எடுப்பாள். தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள்.